45 நாள் எந்த நாளிலிருந்து?

மார்ச் 31 நெருங்க, மண்ணூர்பேட்டை, அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைக்காரர்களின் கடிதங்கள் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. பெரிய கம்பெனி பணம் தர வேண்டிய 45 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் பணம் கிடைக்க வேண்டும் என்று சொல்லித்தான் 2023 பட்ஜெட், வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவைச் சேர்த்தது. கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31க்குள் தீர்க்காத கம்பெனி, அதை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் கெடுவை நகர்த்தும் வழி, அந்தக் கெடுவை விதித்த 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் கம்பெனி எழுத்தில் குறை சொன்னால், அந்தக் குறை நீங்கிய நாளிலிருந்துதான் கணக்கு. எழுத்து ஒப்பந்தத்தில் 45 நாள் என்றிருந்தால், பிப்ரவரி 10 அன்று இறக்கிய லாட்டுக்கு மார்ச் 27க்குள் பணம் வர வேண்டும். 24ஆம் தேதி ‘ரிஜக்‌ஷன்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்து, மார்ச் 5 அன்று சரிசெய்து கொடுத்தால் கெடு ஏப்ரல் 19. மார்ச் 31 அன்று அது தாமதமே ஆகாது. வரிச்சலுகையும் கம்பெனிக்குக் கிடைத்துவிடும். குறை உண்மையா, ஆண்டுக் கடைசிக்காகக் கண்டுபிடித்ததா என்பதைப் பட்டறைக்காரர் எப்படி நிரூபிப்பார்?

எந்த சப்ளையரோடு நெருங்கி வேலை செய்வது என்று கேட்கும் கம்பெனி மேலாளர்களுக்கும் பதில் இந்தக் குறைத் தகராறில்தான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் போல்ட்டுக்கு விலை கேட்டு வாங்கினால் போதும். உங்கள் டிராயிங்குக்கென்றே டை போட்டுச் செய்யும் பாகத்துக்கு அது போதாது. அந்தப் பட்டறை நின்றால் உங்கள் லைனும் நிற்கும். அப்படிப்பட்ட பாகத்துக்கு உங்கள் தர ஆய்வாளர் பட்டறைக்கே போய் அளவுகளை ஒத்துப்பார்த்து, அங்கே தேறிய சரக்கை நேரே லைனுக்கு எடுக்க வேண்டும். அப்போது இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். பக்கத்துப் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தரத்துக்கான டெமிங் பரிசு பெற்றது. தரம் கடைசிச் சோதனையில் வருவதில்லை, செய்யும் இடத்தில் வருகிறது என்பதே டெமிங் வழியின் பாடம். ‘வெண்டர் மீட்’டில் சால்வை போர்த்துவது கூட்டுறவு ஆகாது.

கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகள்: கம்பெனி பில்லைப் பதிவு செய்யும் தேதி செல்லுமா? செல்லாது, டெலிவரி சலானில் தேதியோடு சீல் வாங்குங்கள்.

எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால்? 15 நாள்தான்.

வாயால் சொன்ன குறை? கணக்கில் வராது.

நடுத்தர நிறுவனம்? 43பி(எச்) பொருந்தாது.

தாமதத்துக்கு வட்டி? ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பயந்துதான் பலர் கேட்பதில்லை.