எலும்பில் தங்கும் ஈயம்

முதுமையில் நினைவாற்றல் குன்றுவதற்கு வயது ஒன்றே காரணமன்று. இளமையில் உடலிற் புகுந்த நஞ்சும் காரணமாகலாம் என விஞ்ஞானிகள் கருதுகின்றனர். அத்தகைய நஞ்சுகளுள் ஈயம் ஒன்றாகும்.

இரத்தத்திற் கலந்த ஈயத்தில் ஒரு பகுதி சிறுநீருடன் வெளியேறும். மற்றொரு பகுதி, சுண்ணாம்புச் சத்தைப் போலவே எலும்பிற் படிந்து பல்லாண்டுகள் தங்கிவிடும். வயது வந்தோர் உடலிலுள்ள ஈயத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் எலும்பிலேயே இருக்கிறது. முதுமையில் எலும்பு தேயும்பொழுது அது மீண்டும் இரத்தத்திற் கலந்து மூளையையும் அடையக்கூடும். எலும்பில் ஈயம் மிகுந்த முதியோரிடம் அறிவாற்றல் விரைந்து குன்றியதைச் சில ஆராய்ச்சிகள் கண்டன. எனினும், மறதி நோய்க்கு ஈயமே காரணம் என்பது நிரூபணமாகவில்லை.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது. வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என 2016-ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டன. ஆயினும், பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் இடங்களிலும், சுவரிலிருந்து உதிரும் பழைய வர்ணத்திலும் அபாயம் நீடிக்கிறது.

உண்ணும் ஈயத்தைப் பெரியோரைவிடக் குழந்தைகளின் உடல் மிகுதியாக ஏற்கிறது. ஆகவே, அத்தகைய இடங்களில் குழந்தைகள் விளையாடாவண்ணம் தடுப்பதும், உண்ணுமுன் கைகழுவப் பழக்குவதும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இன்றே செய்யத்தக்க பணிகளாம்.