சுண்டெலிக் கருக்களின் வளர்ப்பிலும் உறைகாப்பிலும் வளர்ச்சிக் காரணிகளின் பங்கு

முன்னுரை

சுண்டெலியின் கருவுற்ற முட்டை ஏறத்தாழ மூன்றரை நாளில் பலமுறை பிளவுற்றுக் கருக்கோள நிலையை அடைகிறது. 1956ஆம் ஆண்டில் விட்டன், குளுக்கோசும் மாட்டு அல்புமினும் சேர்ந்த உப்புக்கரைசலில் எட்டுசெல் கருக்களைக் கருக்கோளங்களாக வளர்த்தார். 1958இல் மெக்லாரனும் பிகர்சும் அவ்வாறு வளர்ந்தவற்றைத் தாயெலிகளின் கருப்பைக்கு மாற்றி உயிருள்ள குட்டிகளைப் பெற்றனர். எனவே, தொடக்கநிலைக் கருவுக்குப் புறத்தூண்டல் தேவையில்லை எனத் தோன்றலாம். பிற்கால ஆய்வுகள் இக்கருத்தைத் திருத்தின.

வளர்ப்பில் காரணிகள்

பரியாவும் டேயும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், 25 மைக்ரோலிட்டர் ஊடகத் துளியில் தனியே வளர்ந்த கருக்களைவிடக் கூட்டாக வளர்ந்தவை மிகுதியாகக் கருக்கோள நிலையை எட்டின. தனிக்கரு இருந்த துளியில் மேற்றோல் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தபோது அக்குறை பெரிதும் ஈடுசெய்யப்பட்டது. கருக்கள் தாமே காரணிகளைச் சுரந்து ஒன்றற்கொன்று துணைநிற்கின்றன என்பதற்கு இது சான்றாகும். இன்சுலின் அகச்செல் திரளின் செல் எண்ணிக்கையை உயர்த்துகிறது. உருமாற்ற வளர்ச்சிக் காரணி ஆல்பா, கருக்கோளத்தில் நிகழும் திட்டமிட்ட செல் இறப்பைக் குறைக்கிறது.

உறைந்த கருக்கள்

1972இல் விட்டிங்காம், லெய்போ, மேசர் ஆகியோர் டைமெத்தில் சல்பாக்சைடு கலந்த ஊடகத்தில் கருக்களை மெதுவாகக் குளிர்வித்து, −196° செல்சியசில் காத்து, பின்னர் குட்டிகளையும் பெற்றனர். மெதுவாகக் குளிர்விக்கும்போது நீர் செல்லைவிட்டு வெளியேறுவதால் உள்ளே பனிப்படிகம் உருவாவது தவிர்க்கப்படுகிறது. எனினும், உருக்கியபின் சில செல்கள் அழிந்திருக்கலாம். அழிந்த செல்லை எந்தக் காரணியும் மீட்காது. எஞ்சிய செல்களின் பிளவைத் தூண்டுவதும் அவற்றின் இறப்பைத் தடுப்பதுமே காரணிகளிடம் எதிர்பார்க்கத்தக்கவை.

முடிவுரை

இவ்விளைவுகளை மதிப்பிடுகையில் இரண்டு மறைகூறுகளைக் கருத வேண்டும். ஒன்று, ஒரு துளியில் உள்ள கருக்களின் எண்ணிக்கை. மற்றொன்று, ஊடகத்தின் அல்புமினோ குருதிநீரோ தன்னுடன் கொண்டுவரும் காரணிகள். இவற்றைக் கட்டுப்படுத்தாத சோதனையில், சேர்த்த காரணி பயனற்றது எனக் காணப்பட்டாலும் அது உண்மையில் பயனற்றது என உறுதியாகக் கூற இயலாது. தேவை முன்னரே நிறைவேறியிருக்கக்கூடும். மேலும், கருக்கோள விழுக்காடு மட்டும் போதாது. செல் எண்ணிக்கை, அகச்செல் திரளின் பங்கு, கருமாற்றத்திற்குப்பின் பிறக்கும் குட்டிகள் ஆகியவையும் அளவிடப்பட வேண்டும். அரிய எலியினங்கள் பலவும் உறைந்த கருக்களாகவே பேணப்படுவதால், இக்கவனம் இன்றியமையாதது.