ரெப்போ விகிதமும் ஓசூரின் காலனி வீடுகளும்

இந்திய ரிசர்வ் வங்கி 2022 மே 4 அன்று, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல், ரெப்போ விகிதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 4.40 ஆக உயர்த்தியது. 2023 பிப்ரவரியில் அது 6.50 ஆகிவிட்டது. விலைவாசியை அடக்கவே இந்நடவடிக்கை என்றார்கள். 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 விழுக்காடாக இருந்தது உண்மைதான். ஆனால் அதை அடக்கிய செலவு யார் தலையில் விழுந்தது? ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதியை முன்வைத்து இதை நாம் கேட்க வேண்டியுள்ளது.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் மாறும் வட்டியில் வழங்கும் புதிய வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற புற அளவுகோலுடன் பிணைக்கப்பட்டுள்ளன. ஆகவே உயர்வு சில மாதங்களிலேயே கடனாளியை எட்டிவிடும். 15 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 7 விழுக்காட்டில் வாங்கியவரின் மாதத் தவணை சுமார் 11,629 ரூபாய். வட்டி 9.5 ஆனால் அது 13,982 ஆகிறது. ‘தவணையைக் கூட்டவில்லை, காலத்தைத்தான் நீட்டினோம்’ என்று வங்கி சொன்னால் மகிழ வேண்டாம். புதிய விகிதத்தில் அந்த 15 லட்சத்துக்கு முதல் மாத வட்டியே 11,875 ரூபாய். பழைய தவணை வட்டிக்கே போதாது. அசல் குறையாது, வளரும்.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆண்டு வருமானம் 6 லட்சத்துக்கு உட்பட்டோருக்கு, முதல் 6 லட்சம் கடனுக்கு 6.5 விழுக்காடு வட்டி மானியம் அளித்துவந்த பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டப் பிரிவு 2022 மார்ச் 31 உடன் முடிந்தது. மானியம் நின்ற ஐந்தாவது வாரத்தில் வட்டி ஏறத் தொடங்கியது.

இவையெல்லாம் வங்கியின் வாசலைத் தாண்டியவர்களின் கதை. சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்யும் தலித் இளைஞரிடம் நிலையான சம்பளச் சீட்டு இருப்பதில்லை. ஊருக்கு வெளியே காலனியில் அவர் குடும்பத்துக்கு உள்ள மனையோ பெரும்பாலும் நிபந்தனைப் பட்டா. 1892 முதல் ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறருக்கு விற்க இயலாது. விற்க இயலாததை ஈடாக ஏற்க வங்கி தயங்குகிறது. அந்த நிபந்தனையை நீக்கிவிடலாம் என்போர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. அது நீங்கினால் கடன் வருமுன் நிலம் போய்விடும். தாட்கோ போன்ற அரசு நிறுவனம் அக்கடனுக்குப் பிணை நிற்பதே நியாயம். அது நடவாத வரை, இம்மக்கள் போவது வீட்டுக்கடன் நிறுவனங்களிடமும் நுண்கடன் குழுக்களிடமும்தான். அந்நிறுவனங்களுக்கு 2019ஆம் ஆண்டின் புற அளவுகோல் விதி பொருந்தாது. 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரெப்போ 6.50இலிருந்து 5.25 ஆகக் குறைந்தபோது, அந்தக் குறைப்பைத் தானாகப் பெறும் வழி இவர்களுக்கு இல்லை.

வட்டி ஏறினால் வாங்குவோர் குறைவர், விலை இறங்கும் என்பது பாடநூல் கணக்கு. பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள ஓசூரில், எல்லைக்கு அப்பாலிருந்து ரொக்கத்துடன் வருபவருக்கு ரெப்போ ஒரு பொருட்டன்று. கடனை நம்பியவர்தான் வரிசையிலிருந்து விலகுகிறார். விலகியவர் வாடகைக்குத் திரும்புகிறார். அங்கே வட்டிக்கு முன் சாதியைக் கேட்கிறார்கள். சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 2012இல் தில்லி வட்டாரத்தில் நடத்திய ஆய்வு இதைப் பதிவு செய்திருக்கிறது. ஆகவே சொந்த வீடு என்பது நமக்கு முதலீடு மட்டுமன்று.

கடன் வாங்கியவர்கள் அறிய வேண்டியது: 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்பதைத் தேர்வது கடனாளியின் உரிமை. இது வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் பொருந்தும். தவணை 90 நாள்கள் தவறினால் கடன் வாராக்கடனாகும். பின்னர் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு வரும். அதற்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாள்களுக்குள் அவர்கள் பதிலளித்தாக வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தினால் 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அறிவிப்புக் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று பெட்டியில் போட்டுவைக்கும் பெற்றோரிடமிருந்து அதை வாங்கிப் படிப்பது கல்லூரி மாணவர்களின் உடனடி வேலை.