சாதாவா, பவரா? டர்போ கார் வைத்திருப்பவர்கள் அறிய வேண்டியவை

“சாதா போடட்டுமா, பவர் போடட்டுமா?” விருத்தாசலத்தில் பெட்ரோல் பங்க்குக்குள் காரை விட்டதும் வரும் கேள்வி இது. பின்னால் வண்டிகள் நிற்க, யோசிக்க நேரமில்லாமல் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

டர்போ பெட்ரோல் இன்ஜின் இன்று பெருநகரத்துப் பணக்காரர்களின் விளையாட்டுக் காரில் மட்டும் இருப்பதல்ல. ஐ20 என் லைன், குஷாக், விர்டஸ், நெக்ஸான் எனச் சிற்றூர்ச் சாலைகளிலும் அது ஓடுகிறது. இவற்றை வாங்கியவர்களில் ஒரு சாரார், டர்போ என்றாலே ‘பவர்’ எனப்படும் விலை கூடிய பெட்ரோல்தான் போட வேண்டும் என்கிறார்கள். இன்னொரு சாரார், எல்லாப் பெட்ரோலும் ஒன்றுதான் என்கிறார்கள். முதல் நம்பிக்கை பணத்தை வீணாக்கும். இரண்டாவது சில வண்டிகளில் இன்ஜினையே பாழாக்கும். எந்தப் பெட்ரோல் வேண்டும் என்பதை முடிவு செய்வது வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் குறிப்பு. அதைப் படித்து, கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. கேட்டதைச் சரியாகப் பெறுவது நம் உரிமை.

ஆக்டேன் எண் எதைச் சொல்கிறது?

பெட்ரோலின் சக்தியை அது சொல்வதில்லை. அழுத்தத்திலும் வெப்பத்திலும், ஸ்பார்க் பிளக் பொறியில் கிளம்பிய தீ வந்து சேருமுன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. ஐசோ ஆக்டேன் என்ற வேதிப்பொருளுக்கு 100, என்-ஹெப்டேனுக்கு 0 என வைத்து, சோதனை இன்ஜினில் ஒப்பிட்டு இந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலின் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட அதிகம். ஆனால் ஒரு லிட்டரில் அது தரும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எண் கூடினால் வேகமும் மைலேஜும் கூடும் என்ற நம்பிக்கை தவறு என்பதற்கு இதுவே போதுமான சான்று.

டர்போ இன்ஜினில் இந்த எண்ணுக்கு மதிப்பு கூடுவது ஏன்? டர்போ, காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கிறது. அழுத்தினால் காற்று சூடேறும். அந்தச் சூட்டில் பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி நேரம் தவறித் தானாக வெடித்தால், அதுவே மெக்கானிக்குகள் சொல்லும் ‘நாக்கிங்’. அதைக் கண்டுகொள்ள இன்ஜினில் நாக் சென்சார் உண்டு. அது சொன்னதும் வண்டியின் கணினி பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போடும். இன்ஜின் தப்பிக்கும், பிக்அப்பும் மைலேஜும் குறையும்.

பங்க்கில் என்னென்ன கிடைக்கிறது?

பிஎஸ்6 தரம் சாதா பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேனை 91 என வைத்தது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025இல் நாடெங்கும் வழக்கமான பெட்ரோலாகிவிட்டது. எத்தனால் கலப்பால் ஆக்டேன் 95 வரை உயர்ந்திருப்பதாக 2025 ஆகஸ்டில் பெட்ரோலியம் அமைச்சகம் விளக்கம் தந்தது. பிரீமியம் வரிசையில் இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95, இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர்95, பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீடு ஆகியவை உள்ளன. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்திய எக்ஸ்பி100, தேர்ந்தெடுத்த நகரங்களின் சில பங்க்குகளில் மட்டும் கிடைக்கிறது. தொடக்கத்திலேயே அதன் விலை டெல்லியில் லிட்டர் 160 ரூபாய்.

வெளிநாட்டு உறவினர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் வேறு அளவுமுறை. அங்கே 87 என்பது இங்கே சுமார் 91. இலங்கையில் விற்கும் 92, 95 ஆகியவை நம் அளவுமுறையிலேயே உள்ளவை.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ எண் இருக்கும். ‘குறைந்தபட்சம்’, ‘பரிந்துரை’ இரண்டும் வேறு வேறு.

குறைந்தபட்சம் 91 என்றால் சாதா பெட்ரோலே போதும். லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து மாதம் 60 லிட்டர் போடுபவர் ஆண்டுக்கு 5,040 ரூபாய் செலவிடுகிறார். அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும் சேர்மானங்களே.

பரிந்துரை 95, குறைந்தபட்சம் 91 என்றால் சாதாவில் ஓட்டலாம். கோடை வெயிலில், முழு ஆள்களோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது 95 உதவும்.

குறைந்தபட்சமே 95 அல்லது 98 என்றால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. வழியில் கிடைக்காவிட்டால் அடுத்த பங்க் வரைக்குத் தேவையானதை மட்டும் போட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓட்டுங்கள்.

பவரைக் கூட்ட இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றி ‘ரீமேப்’ செய்த வண்டிக்குக் கையேட்டின் எண் பொருந்தாது. எந்த ஆக்டேனுக்கு அமைத்தார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பெட்ரோல் நம் ஊர்ப் பக்கம் கிடைக்குமா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். இத்தகைய மாற்றத்தைக் காரணம் காட்டி வாரண்டி மறுக்கப்படலாம்.

அலட்சியத்தின் விலை

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பெட்ரோல் சரியாக எரிவதோடு தொடர்புள்ள மூன்று பாகங்கள் செராமிக் சார்ந்தவை. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளை இன்சுலேட்டர் அலுமினா. நாக்கிங்கை உணரும் சென்சாரின் உள்ளே இருப்பது அதிர்வை மின்சாரமாக்கும் செராமிக். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் தேன்கூட்டு அமைப்பும் பொதுவாக செராமிக்தான். சூளையில் வெப்பம் திடீரென மாறினால் பீங்கான் என்னாகும் என்பது நம் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். கடும் நாக்கிங் தொடர்ந்தால் பிளக் இன்சுலேட்டர் விரிசல் விடும், பிஸ்டன் உடையும். எரியாத பெட்ரோல் புகையோடு போனால் கன்வெர்ட்டர் உருகும்.

ஓட்டும் முறையும் முக்கியம். கரும்பு டிராக்டரை முந்த, ஐந்தாம் கியரிலேயே, இன்ஜின் வேகம் குறைவாக இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பது டர்போ இன்ஜினுக்கு ஆபத்து. கியரைக் குறைத்துவிட்டு முந்துங்கள். கையேடு சொல்லும் தர ஆயிலையே ஊற்றுங்கள்.

2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டி என்றால் இ20 ஏற்குமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். இ10க்கு வடிவமைத்து இ20க்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 விழுக்காடும், பழைய கார்களில் 6 முதல் 7 விழுக்காடும் மைலேஜ் குறையலாம் என நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் விற்கப்பட வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே வண்டிக்காரர் தானே கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

நம் கடலூர் மாவட்டத்து மழைக்காலத்தில் இன்னொரு கவலை உண்டு. பங்க்கின் நிலத்தடித் தொட்டிக்குள் நீர் இறங்கினால், எத்தனால் அந்த நீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். அது வண்டிக்குள் வந்தால் இன்ஜின் திணறி நிற்கும்.

பங்க்கில் உங்கள் உரிமைகள்

சாதாவா பிரீமியமா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். சாதா இருப்பில் இருக்கும்போது இல்லை என்று சொல்லி விலை கூடியதைத் திணிப்பது முறையல்ல.

வடிதாள் சோதனை கேட்கலாம். ஒரு சொட்டு பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாக வேண்டும். அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம். 15 டிகிரி செல்சியஸுக்குத் திருத்திய அடர்த்தி, பங்க்கில் பதிந்த எண்ணிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகக் கூடாது. அளவில் ஐயம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். இலவசக் காற்று, குடிநீர், கழிப்பறை, புகார்ப் புத்தகம் இவையும் பங்க்கில் இருக்க வேண்டியவை.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தச் சோதனைகள் எதுவும் ஆக்டேனைக் காட்டாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். அதனால்தான் ரசீது முக்கியம். அதில் பெட்ரோலின் பெயரும் விலையும் நீங்கள் கேட்டதுதானா என்று அங்கேயே பாருங்கள்.

கேடு நேர்ந்தால்

பெட்ரோல் போட்டதும் வண்டி நின்றுவிட்டால் மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பங்க் மேலாளரிடம் சொல்லிப் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். வண்டியின் தொட்டியிலிருந்து இறக்கும் பெட்ரோலைச் சாட்சிகள் முன் எடுத்து, முத்திரையிட்டு, படம் பிடியுங்கள். சர்வீஸ் மையத்தின் எழுத்துப்பூர்வ அறிக்கையும் பில்லும் கட்டாயம் வேண்டும்.

கலப்படம் என்றால் எண்ணெய் நிறுவனத்துக்கும் மாவட்ட வழங்கல் அலுவலருக்கும் எழுதுங்கள். அளவு மோசடி என்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்கு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இழப்பீடு வேண்டுமென்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சென்னையில் பெட்ரோல் போட்டிருந்தாலும் கடலூரிலேயே கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

இன்றே பெட்ரோல் மூடியைத் திறந்து அந்த எண்ணைப் பாருங்கள். குடும்பத்தில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் அதைச் சொல்லி வையுங்கள். ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கி, ஒரு மாதமாவது வைத்திருங்கள். ஆணையத்தின் முன் நிற்க நேர்ந்தால் உங்கள் பேச்சுக்கு வலு சேர்ப்பது அந்தத் தாள்தான்.