மனிதரின் வயிற்று மருந்துகளும் நாய்களும்

வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றெரிச்சல் ஆகியவை மனிதரைப் போலவே நாய்களுக்கும் அடிக்கடி நேரும் உபாதைகளாகும். கால்நடை மருத்துவமனை தொலைவிலுள்ள ஊர்களில், வீட்டிலிருக்கும் மாத்திரையையே நாய்க்கும் கொடுக்கலாமா என்று கிராமப் பணியாளரிடமும் ஆசிரியரிடமும் மக்கள் வினவுவது இயல்பு. இதற்கு ஒரே சொல்லில் விடையளிக்க இயலாது. சில மருந்துகள் அளவறிந்து கொடுத்தால் பயன் தருபவை. வேறு சிலவோ நாயின் உயிருக்கே கேடு விளைவிப்பவை.

எடையும் அளவும்

மனிதருக்கான மாத்திரைகள் பெரியவர்களின் உடல் எடையைக் கருதிச் செய்யப்படுபவை. எடுத்துக்காட்டாக, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பாமோடிடின் என்னும் மருந்தைக் கால்நடை மருத்துவர்கள் நாயின் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை கணக்கிட்டுக் கொடுக்கின்றனர். 20 கிலோ எடையுள்ள நாய்க்கு 20 மில்லிகிராம் மாத்திரையில் பாதியோ முழுமையோ போதுமானது. 2 கிலோ எடையுள்ள குட்டிக்கோ அம்மாத்திரையில் பத்தில் ஒரு பங்கே உச்ச அளவாகும். இத்துணைச் சிறு பங்கைக் கையால் ஒடித்தெடுத்தல் இயலாது. ஆகவே, மருத்துவர் கூறாமல் இதனைக் கொடுத்தல் தகாது.

உடலியல்பின் வேறுபாடு

எடையைக் கணக்கிட்டால் மட்டும் போதாது. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு, குடலின் அசைவைத் தளர்த்தும் மருந்தாகும். பெரும்பாலான நாய்களில், இம்மருந்து மூளைக்குள் புகாதவாறு ஒரு புரதம் அதனை வெளியேற்றிவிடுகிறது. கோலி முதலிய மேய்ப்பு இன நாய்கள் பலவற்றில், மரபணுக் குறையினால் இப்புரதம் செயற்படுவதில்லை. இக்குறை 2001ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இத்தகைய நாய்க்கு லோபரமைடு கொடுத்தால், அது தள்ளாடும்; மயங்கி விழவும் கூடும். மேலும், நோய்க் கிருமியாலோ நஞ்சாலோ போக்கு ஏற்பட்டிருப்பின், குடலின் அசைவை அடக்குவது அந்நஞ்சை உள்ளேயே தேக்கிவைப்பதாகும்.

விலக்க வேண்டியவை

நாய் வயிற்றுவலியால் துன்புறுகிறது என்றெண்ணி வலி மாத்திரை கொடுப்பது பெருந்தவறு. இபுபுரூபன், டைக்ளோபினாக் ஆகியவை இரைப்பையில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் மிகுந்தால் கல்லீரல் சிதையும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். பூனைக்கோ அது சிறிதளவிலேயே உயிர்க்கொல்லியாகும். இனிப்பூட்டிய சில நீர்ம மருந்துகளில் சைலிட்டால் என்னும் பொருள் சேர்ந்திருப்பதுண்டு. இது நாயின் இரத்தச் சர்க்கரையை விரைவில் தாழ்த்திவிடும். தவறான மருந்தை நாய் விழுங்கிவிட்டால், வாந்தி வருவிப்பதற்காக உப்பு நீரைப் புகட்டலாகாது. அது மற்றொரு நஞ்சாக முடியும்.

செய்யத்தக்கவை

வயிற்றுப்போக்கில் உயிரைப் போக்குவது பெரும்பாலும் நீரிழப்பே. குளுக்கோசுடன் உப்பும் சேர்ந்தால் குடல் நீரை எளிதில் உறிஞ்சும் என்னும் உண்மை நாய்க்கும் பொருந்தும். 1971இல் வங்காள தேச அகதிகளிடையே காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் இவ்வுண்மையைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். சோர்வின்றி நடமாடும் வளர்ந்த நாய்க்கு, பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்த உப்பு–சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாக நக்கவிடலாம். வாந்தி நின்றபின், எண்ணெயும் மசாலையும் சேராத குழைந்த சோற்றைச் சிறிதளவு தரலாம்.

தாமதிக்கலாகாத நிலைகள்

தடுப்பூசி போடாத குட்டி வாந்தியெடுத்து இரத்தமாகக் கழிந்தால், அது பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளிவராதிருப்பின், இரைப்பை முறுக்கிக் கொண்டிருக்கக் கூடும். அந்நிலையில் சில மணி நேரமே அவகாசம் உண்டு. இவற்றிற்கு வீட்டு மருந்து ஏதுமில்லை. மருத்துவரிடமே செல்லல் வேண்டும். அவரிடம் நாயின் எடை, நோய் தொடங்கிய நேரம், முன்னரே கொடுத்த மருந்தின் பெயரும் அளவும் ஆகியவற்றை எழுதிக் காட்டுவது பெரிதும் உதவும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. விழுங்க இயலாமல் எச்சில் ஒழுக நிற்கும் நாயைக் கண்டு, தொண்டையில் எலும்பு சிக்கியுள்ளது என்றெண்ணி வாயினுள் கைவிடுவோர் உளர். வெறிநோயின் அறிகுறியும் இதுவே. அத்தகைய நாய்க்கு எம்மருந்தையும் புகட்ட முயலலாகாது. கடியோ கீறலோ நேர்ந்தாலும், காயத்திலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டாலும், அவ்விடத்தை உடனே 15 நிமிடம் நீரால் நன்கு கழுவி, தோலாயின் சோப்பும் இட்டு, தாமதமின்றி மருத்துவமனையில் தடுப்பு மருந்து பெறுதல் வேண்டும். நாய்க்குச் செய்யும் உதவி, செய்பவரின் உயிருக்கு ஊறாக முடிதல் கூடாது என்பதைப் பள்ளிச் சிறுவர் முதற்கொண்டு அனைவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.