அம்பாசிடர் இரும்பும் டிசையர் தகரமும்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அம்பாசிடர் வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் ஒன்றைத் தவறாமல் சொல்வார்: அந்தக் காலத்து வண்டி இரும்பு, இப்போது வருவதெல்லாம் தகரம், முட்டினால் அப்பளம். அப்பளம் என்பது உண்மைதான். ஆனால் அது நொறுங்குவது குறையல்ல; நொறுங்குவதற்கென்றே அப்படிச் செய்கிறார்கள்.

60 கி.மீ. வேகத்தில் ஒரு கார் சுவரில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி வண்டி நின்றால், பெல்ட் போட்டிருப்பவர் மேல் அவர் எடையைப்போல் சுமார் 24 மடங்கு விசை விழும். முன்பகுதி விறைத்துக்கொண்டு 20 செ.மீ. மட்டுமே நசுங்கினால் அதுவே 70 மடங்கு. வண்டி வாங்க மறுத்த அடியை உள்ளே இருக்கும் ஆள் வாங்குகிறார்.

முன்னும் பின்னும் நசுங்கட்டும், நடுவில் ஆள் இருக்கும் கூடு மட்டும் உறுதியாக நிற்கட்டும் என்ற யோசனைக்கு மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரெனி 1951-இல் காப்புரிமை கேட்டார். அது விற்பனைக் காரில் வந்தது 1959-இல். அம்பாசிடரோ அதற்கும் முந்தைய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்தது. உத்தரபாரா ஆலையில் 2014 வரை தயாரானது. இன்ஜின் மாறியது, கிரில் மாறியது, கூடு பெரிதாக மாறவில்லை. பழைய மார்க் 2 வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். சீட்டில் தலைக்கு அணை கிடையாது. ஸ்டியரிங் தண்டு மடங்காது. நேருக்கு நேர் மோதினால் ஓட்டுபவரின் நெஞ்சுக்குத்தான் வரும்.

2009-இல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.ஐ.எச்.எஸ். 1959-ஆம் ஆண்டு செவ்ரோலே பெல் ஏரையும் 2009-ஆம் ஆண்டு மாலிபுவையும் தலா 64 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டது. கெட்டி இரும்பு என்று பெயர் பெற்ற பெல் ஏரின் ஓட்டுநர் பகுதி உள்ளே மடங்கிப்போனது. அங்கே உயிருள்ள ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் மூக்கு உருத்தெரியாமல் போனது; ஆள் இருக்கும் கூடு நின்றது.

புது வண்டி என்றாலே பத்திரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2024 டிசையருக்கு 5 நட்சத்திரம். 2022-இல் அதே நிறுவனத்தின் ஸ்விஃப்ட்டுக்கு ஒன்றுதான் கிடைத்தது. கலரையும் மைலேஜையும் கேட்கும்போதே இதையும் கேளுங்கள்.

அம்பாசிடரின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. நடுவழியில் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கருகிய பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்தால் கிளம்பிவிடும். டிசையர் நின்றால் ஸ்கேனர் வர வேண்டும். பின்சீட்டில் பெரியவர்கள் குனியாமல் ஏறி உட்காரும் சுகமும் பெரிது. கல்யாண ஊர்வலத்துக்கு அதைவிடக் களையான வண்டி கிடையாது. ஆனால் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, செங்கோட்டை வழியாகக் கேரளம் போகும் லாரிகள் விரையும் 744-ஆம் எண் நெடுஞ்சாலையில், இரவு நேரத்தில் குடும்பத்தோடு போக நான் அதை எடுக்க மாட்டேன்.

கையில் இருப்பது 50 வயது கடந்து, அசல் வடிவம் மாறாத அம்பாசிடர் என்றால் 2021 விதிப்படி 'வி.ஏ.' வரிசையில் விண்டேஜ் பதிவு வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய். அதற்குப் பிறகு கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை.