குறட்டையும் சாரதி அனுமதிப்பத்திரமும்

நெடுஞ்சாலை 401இல் இரவு பகல் பாராது ஓடும் பாரவூர்திகளின் சாரதி ஆசனங்களில் இன்று எம்மவர் பலர் அமர்ந்திருக்கின்றனர். தாயகத்தில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் கமக்காரராகவும் வாழ்ந்தவர்கள், பழைய சான்றிதழ்கள் கைகொடாத இந்நாட்டில், ‘ஏ.இசட்.’ அனுமதிப்பத்திரம் ஒன்றை நம்பிக் குடும்பத்தைக் கரையேற்றி வருகின்றனர். வீட்டுக் கடன், பிள்ளைகளின் பல்கலைக்கழகச் செலவு, ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம் யாவும் அந்த ஒரு அட்டையிலேயே தங்கியுள்ளன.

ஆகவே அந்த அட்டைக்கு ஊறு நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் இயல்பானதே. ஆயின் அவ்வச்சத்தினாலேயே எம்மவர் சிலர் ஆபத்தான ஒரு பழக்கத்துக்கு ஆளாகியுள்ளனர். மருத்துவ அறிக்கைக்காக வைத்தியரிடம் செல்லும்போது, பலத்த குறட்டையையும் பகல் வேளையில் கண்ணை இழுத்து மூடும் நித்திரையையும் பற்றி வாய்திறவாமல் வந்துவிடுகின்றனர். “சொன்னால் லைசன்ஸ் போய்விடும், சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை” என்பது அவர்களது கணக்கு. இக்கணக்குத் தலைகீழானது என்பதை எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய் எத்தகையது?

ஸ்லீப் அப்னியா எனப்படுவது நித்திரையில் மூச்சு மீண்டும் மீண்டும் தடைப்படும் நோய். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது சுவாசப்பாதை ஒடுங்கி அடைபடுகின்றது. குருதியில் பிராணவாயு குறைகின்றது. ஆபத்தை உணர்ந்த மூளை, உறங்குபவர் அறியாமலேயே அவரை அரைகுறையாக எழுப்பிவிடுகின்றது. பெரும் மூச்சிழுப்புடன் சுவாசம் திரும்புகின்றது. சிறிது நேரத்தில் மறுபடியும் அடைபடுகின்றது. ஒரு மணித்தியாலத்தில் இவ்வாறு 5 முதல் 15 வரையான தடவைகள் நிகழ்ந்தால் இலேசான நிலை என்றும், 15 முதல் 30 வரை நடுத்தர நிலை என்றும், 30க்கு மேற்பட்டால் கடும் நிலை என்றும் வைத்தியர்கள் வகுத்துள்ளனர்.

கடும் நிலையிலுள்ள ஒருவர் எட்டு மணித்தியாலம் படுக்கையில் கிடந்தாலும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பப்பட்டவருக்கு ஒப்பானவரே. காலையில் தலையிடியுடன் எழுகின்றார். கதிரையில் அமர்ந்ததும் கண்ணயர்கின்றார். கோபமும் மறதியும் மிகுகின்றன. உயர் குருதி அமுக்கம், இருதய நோய், பாரிசவாதம் ஆகியனவும் இந்நோயுடன் தொடர்புடையவை. “வேலைக் களைப்பு” என்று வீட்டார் எண்ணிக்கொள்வதன் பின்னால் இந்நோய் மறைந்திருக்கக்கூடும்.

இது சாரதிகளிடையே அரிதான நோயுமன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வர்த்தக வாகன அனுமதிப்பத்திரம் பெற்றோரைச் சோதித்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களுள் ஏறத்தாழ 28 வீதமானோரிடம் இந்நோய் ஏதோவோர் அளவில் காணப்பட்டது. கடும் நிலையில் இருந்தோர் 4.7 வீதம். மணிக்கணக்கில் அமர்ந்திருத்தல், வேளை தவறிய உணவு, நடையின்மை, அதனால் ஏறும் நிறை ஆகிய யாவும் இத்தொழிலோடு ஒட்டிப் பிறந்தவை.

எம்மவர் இன்னுமொன்றைக் கவனித்தல் வேண்டும். தெற்காசியருக்கு உடல் நிறையின் தீங்கு குறைந்த அளவிலேயே தொடங்கிவிடுகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவொன்று ஆசிய மக்களுக்கென உடற்திணிவுச் சுட்டியில் 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கை எல்லைகளாக 2004இல் முன்வைத்தது. எனவே “நான் அப்படியொன்றும் பெருத்த ஆளில்லை” என்பது காப்பு ஆகாது.

அமெரிக்கச் சட்டம் சொல்வதும் சொல்லாததும்

கழுத்தளவு இவ்வளவுக்கு மேற்பட்டால் அமெரிக்காவில் லைசன்ஸ் பறிக்கப்படும் என்று சாரதிகள் கூடும் கோப்பிக் கடைகளில் பேசப்படுவதுண்டு. உண்மை நிலை வேறு.

அமெரிக்க சமஷ்டிச் சட்டத்தின்படி வர்த்தக வாகனச் சாரதியின் மருத்துவச் சான்றிதழ் கூடியது 24 மாதங்களுக்கே செல்லுபடியாகும். வாகனத்தைப் பாதுகாப்பாகச் செலுத்துவதற்கு இடையூறாகக்கூடிய சுவாசக் கோளாறு சாரதிக்கு இருத்தல் ஆகாது என அச்சட்டம் கூறுகின்றது. ஸ்லீப் அப்னியாவுக்கான பரிசோதனையைக் குறித்த அளவுகளோடு கட்டாயமாக்கும் தனி விதி எதுவும் இல்லை. அத்தகைய பரிசோதனையைக் கொண்டுவருவதாயின் முறையான விதியாக்கத்தின் மூலமே கொண்டுவரவேண்டும் என 2013 ஒக்ரோபரில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2016 மார்ச்சில் அதிகாரிகள் அம்முயற்சியைத் தொடங்கி, 2017 ஓகஸ்ட்டில் கைவிட்டனர்.

ஆயினும் சான்றிதழ் வழங்கும் மருத்துவப் பரிசோதகர், சந்தேகம் கொண்டால் சாரதியை நித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அங்குள்ள மருத்துவ மீளாய்வுச் சபை 2016இல் அளித்த பரிந்துரையைப் பரிசோதகர் பலர் துணைக்கொள்கின்றனர். உடற்திணிவுச் சுட்டி 40 அல்லது அதற்கு மேலாயின் அனுப்புதல். 33 அல்லது அதற்கு மேலாகி, உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, 42 வயதைத் தாண்டியமை, ஆண்களில் 17 அங்குலத்துக்கு மேற்பட்ட கழுத்து, பலத்த குறட்டை போன்றவற்றுள் மூன்றேனும் சேர்ந்திருந்தாலும் அனுப்புதல் என்பது அதன் சாரம். 170 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு 33 என்னும் சுட்டி ஏறத்தாழ 95 கிலோ நிறையைக் குறிக்கும். இவை பரிந்துரைகளே. கழுத்தளவு மட்டும் எவரது அனுமதிப்பத்திரத்தையும் பறிப்பதில்லை.

ஒன்ராறியோவில் நமது நிலை

கனடாவில் வர்த்தக வாகன அனுமதிப்பத்திரம் பெற்று எல்லை தாண்டிச் செல்லும் சாரதிகள் அமெரிக்க மருத்துவ அட்டையைத் தனியாக வைத்திருக்க வேண்டியதில்லை. 1999 முதல் இரு நாடுகளும் ஒன்றின் மருத்துவத் தகுதியை மற்றொன்று ஏற்றுக்கொள்கின்றன. அதாவது ஒன்ராறியோவின் வைத்தியர் நிரப்பும் அறிக்கையே டெற்றோயிற்றுக்கும் பஃபலோவுக்கும் அப்பாலும் செல்லுபடியாகின்றது. 46 வயதுக்கு உட்பட்டோர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 46 முதல் 64 வரையானோர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 65 வயதாகியோர் ஆண்டுதோறும் இவ்வறிக்கையைச் சமர்ப்பித்தல் வேண்டும்.

இதனிடையே வைத்தியருக்கும் ஒரு சட்டக் கடமை உண்டு. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, வாகனம் செலுத்துவதை ஆபத்தாக்கும் சில நோய்நிலைகளை ஒன்ராறியோ வைத்தியர்கள் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவித்தே ஆகவேண்டும். சாரதியைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யும் நிலைகள் இவற்றுள் அடங்கும். சிகிச்சை பெறாத, அல்லது சிகிச்சை பயனளிக்காத ஸ்லீப் அப்னியாவினால் மிதமிஞ்சிய நித்திரை மயக்கத்துக்கு உள்ளாவோர் இவ்வகையினர்.

இந்த இடத்தை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்குமாறு வேண்டுகின்றோம். சட்டத்தின் கண் பதிந்திருப்பது சிகிச்சையின்றி விடப்பட்ட நோயின் மீதே. நோயைக் கண்டறிந்து, சிகிச்சை பெற்று, அதனைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் தொழிலைத் தொடர முடியும். அமைச்சு தற்காலிகமாக அனுமதிப்பத்திரத்தை நிறுத்தினாலும், சிகிச்சை பலனளித்தமையை வைத்தியர் எழுதிக் கொடுத்ததும் அதனை மீளப்பெற வழியுண்டு. முடிவில் திருப்தியில்லையாயின் அனுமதிப்பத்திர மேன்முறையீட்டு நியாயசபைக்கும் செல்லலாம்.

மறைத்தால் என்ன நேரும்?

2000ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் திகதி, அமெரிக்காவின் ரெனசி மாநிலத்தில் ஜாக்சன் நகருக்கு அருகே, நெடுஞ்சாலை வேலைத்தளத்துக்குக் காவலாகச் சென்றுகொண்டிருந்த பொலிஸ் வாகனத்தைப் பாரவூர்தி ஒன்று பின்னாலிருந்து மோதியது. பொலிஸ் உத்தியோகத்தர் உயிரிழந்தார். பாரவூர்திச் சாரதிக்கு ஸ்லீப் அப்னியா இருப்பது முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. ஆயினும் அவர் அதனைச் சான்றிதழுக்கான பரிசோதனையில் வெளியிட்டிருக்கவில்லை. 1997இல் யூட்டா மாநிலத்திலும் அவர் இதேபோன்று பொலிஸ் வாகனமொன்றை மோதியிருந்தார். தகுதியற்ற சாரதியைக் கண்டறிந்து விலக்கத் தவறிய மருத்துவச் சான்றிதழ் முறையே அவ்வனர்த்தத்துக்கு வழிவகுத்தது என அந்நாட்டின் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவு செய்தது.

அந்தச் சாரதியின் கையில் சான்றிதழ் இருந்தது. சான்றிதழ் நோயைக் குணப்படுத்தவில்லை. மறைத்தவருக்கு அட்டை மிஞ்சலாம். ஆனால் 40 தொன் பாரத்துடன் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் நான்கு விநாடி கண்ணயர்ந்தால், ஊர்தி நூறு மீற்றருக்கும் மேலாகச் சாரதியின்றி ஓடிவிடும். யன்னலைத் திறப்பதும் வானொலியை உரக்க வைப்பதும் கோப்பி குடிப்பதும் இந்நோய்க்கு மருந்தாகா. போரிலிருந்து தப்பி இத்தனை தூரம் வந்தவர்கள் தெருவில் உயிரை இழப்பதும், பிறர் உயிரைப் பறித்த பாரத்தைச் சுமப்பதும் எவ்வளவு கொடியவை என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

சிகிச்சையும் செலவும்

முதலில் குடும்ப வைத்தியரிடம் கூறி, நித்திரைப் பரிசோதனைக்கான கடிதத்தைப் பெறல் வேண்டும். ஓஹிப் அட்டை உள்ளவருக்கு, வைத்தியரின் கடிதத்துடன் நித்திரை ஆய்வுகூடத்தில் ஓரிரவு தங்கிச் செய்யும் பரிசோதனைக்கு அரசே பணம் செலுத்துகின்றது.

நோய் உறுதியானால் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது ‘சி-பாப்’ என்னும் கருவியாகும். முகமூடியின் வழியே மெல்லிய அமுக்கத்துடன் காற்றைச் செலுத்தித் தொண்டை அடைபடாது காப்பதே இதன் வேலை. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகர வைத்தியர் கொலின் சலிவன் 1981இல் இதனை உலகுக்கு அறிமுகம் செய்தார். ஒன்ராறியோ அரசின் உதவிச் சாதனத் திட்டம், அங்கீகரித்த விலையில் 75 வீதத்தை வழங்குகின்றது. சமூக உதவிப்பணம் பெறும் குடும்பங்களுக்கு முழுத்தொகையும் கிடைக்கும். 12 வோல்ற் மின்னிணைப்பின் மூலம் பாரவூர்தியின் படுக்கையிலும் இதனைப் பயன்படுத்தலாம்.

முகமூடி முதற் சில வாரங்களில் தொல்லையாகவே இருக்கும். அதனால் பலர் அதனை அலுமாரியில் பூட்டிவைத்துவிடுகின்றனர். அது தவறு. எத்தனை மணித்தியாலம் அணிந்தீர்கள் என்பதைக் கருவியே பதிவு செய்கின்றது. இரவொன்றுக்கு நான்கு மணித்தியாலமேனும், நூற்றுக்கு எழுபது இரவுகளிலேனும் பயன்படுத்துதலை அமெரிக்கப் பரிந்துரை குறைந்தபட்ச அளவாகக் கொள்கின்றது. முகமூடி பொருந்தவில்லையாயின் வேறு அளவில் மாற்றித் தருமாறு கேட்கலாம். நிறையைக் குறைத்தலும் மதுவைத் தவிர்த்தலும் சிகிச்சைக்குத் துணையாகும்.

பயன் உண்டா என்பதற்குச் சான்று இருக்கின்றது. அமெரிக்கப் பாரவூர்தி நிறுவனமொன்றின் சாரதிகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், நோயிருந்தும் சிகிச்சையை அறவே பயன்படுத்தாதோர், தவிர்த்திருக்கக்கூடிய பாரிய விபத்துகளில் சிக்கிய வீதம் நோயற்றோரைப் போல் ஐந்து மடங்காக இருந்தது. சிகிச்சையை ஒழுங்காகப் பின்பற்றியோரின் வீதமோ நோயற்றோரின் வீதத்தை ஒத்திருந்தது.

இல்லத்தாரின் பங்கு

இந்நோயை முதலில் அறிபவர் நோயாளி அல்லர், அருகில் உறங்குபவரே. ரொறன்ரோவில் பணியாற்றும் வைத்தியர் பிரான்சிஸ் சங் அவர்களும் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ‘ஸ்ரொப்-பாங்’ வினாக்கொத்து உலகெங்கும் பயன்படுகின்றது. அதன் எட்டு வினாக்களும் பின்வருமாறு:

1. மூடிய கதவுக்கு அப்பாலும் கேட்குமளவு குறட்டையா?
2. பகலில் அடிக்கடி களைப்போ நித்திரை மயக்கமோ உண்டா?
3. நித்திரையில் மூச்சு நிற்பதை எவரேனும் கண்டதுண்டா?
4. உயர் குருதி அமுக்கம் உண்டா?
5. உடற்திணிவுச் சுட்டி 35க்கு மேலா?
6. வயது 50க்கு மேலா?
7. கழுத்தின் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலா?
8. ஆணா?

மூன்றுக்கு ‘ஆம்’ என்றாலே வைத்தியரை நாடுதல் வேண்டும். ஐந்துக்கு மேலாயின் தாமதம் கூடாது. முதலாவது, மூன்றாவது வினாக்களுக்கு விடை சொல்லக்கூடியவர் பெரும்பாலும் மனைவியே. ஆகவே வைத்தியரிடம் செல்லும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். “இவருக்கு இரவில் மூச்சு நிற்கிறது” என்று அவர் கூறும் ஒரு வார்த்தை, வைத்தியருக்குப் பல பரிசோதனைகளின் பயனைத் தரும். ஆங்கிலத்தில் விளக்குவது கடினமாயின் பிள்ளைகளுள் ஒருவர் துணைக்குச் செல்லட்டும்.

எம்மவரின் சங்கங்களும் சாரதிகளை வேலைக்கு அமர்த்தும் எமது வர்த்தகர்களும் இதில் முன்வருதல் நன்று. ஆண்டுக்கொருமுறை நடக்கும் ஒன்றுகூடலில் குருதி அமுக்கம் பார்ப்பதற்கு ஒரு மேசை இடுவது போல, இவ்வெட்டு வினாக்களைக் கேட்பதற்கும் ஒரு மேசை இடலாம். பரிசோதனைக்காக ஓரிரவு விடுப்புக் கேட்கும் சாரதியின் வேலையைப் பறிக்காதிருப்பது முதலாளிக்கும் இலாபமே.

அடுத்த மருத்துவ அறிக்கைக்கான கடிதம் தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கடிதம் வரும்போது, நோய் கண்டறியப்பட்டுச் சிகிச்சையும் பெற்ற ஒருவராக வைத்தியர் முன் அமர்வதே அனுமதிப்பத்திரத்தைக் காக்கும் வழி. வீட்டில் வழிபார்த்திருப்போருக்குச் செய்யும் கடமையும் அதுவேயாகும்.